கொரில்லாவுக்குக் குழை கட்டியவன்

இந்த நாட்டில் நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு துப்புரவு நிறுவனம்; விடிந்தால் என் வான்கள் ஆறு இந்த நகரத்துத் தெருக்களில் ஓடுகின்றன. ஒரு பலசரக்குக் கடை. முருங்கைக்காயும் கணவாயும் இங்கே ஒருநாளும் விற்கமுடியாது என்று எல்லோரும் சொன்ன காலத்தில் திறந்தது. கலியாணம், சாமத்தியவீடு, அந்தியேட்டி எல்லாவற்றுக்கும் சனம் தேடி வருகிற மண்டபம் ஒன்று. கோயிலின் சமையல்கட்டு, நிலத்துக் கல்லில் இருந்து புகைபோக்கி வரைக்கும். ஊரில் இரண்டு தட்டு வீடு ஒன்று. அதில் இப்போது யாரும் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரையும் பல்கலைக்கழகம் அனுப்பினேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி வருடம் வகுப்பில் இருந்ததை விட ஆடுகளோடு நின்றதுதான் கூட. ஜெர்மன் மொழியை எனக்கு வாத்தியார் ஒருவரும் படிப்பிக்கவில்லை. வாளியும் தும்புத்தடியும் படிப்பித்தன. முதல் முதல் கடன் கேட்டுப் போன வங்கியில் என் கையெழுத்தைப் பார்த்து ஒருவன் சிரித்தான். அந்த வங்கியின் நிலத்தை இன்றைக்குத் துடைப்பது என் ஆட்கள்தான்.

இவை எல்லாவற்றிலும் என் பெயர் இருக்கிறது. வான்களில் ஒரு முழ உயரத்துக்கு இருக்கிறது. கோயிலில் சலவைக்கல்லில் வெட்டியிருக்கிறது. ஒன்றில் மட்டும் இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் வேறொருவருடைய பெயர் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற இலையுதிர்காலத்தில் மகள் என்னை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போனாள். எந்த நகரத்து மிருகக்காட்சிச்சாலை என்பதை எழுதவில்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். வந்த புதிதில் நான் அங்கே நிலம் கழுவியவன் என்பது மகளுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. குரங்கு வீட்டைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே காடு மாதிரி. வாசல் பக்கத்துச் சுவரில், கொரில்லாக்களை வளர்க்கப் பழகிய கதையைப் படங்களோடு பெரிய பலகையில் எழுதி வைத்திருந்தார்கள்.

"அப்பா, இஞ்ச பாருங்கோ. உங்கட காலத்துப் படம்."

வெள்ளை ஓடு பதித்த கூடு. நான் தேய்த்த ஓடு. நடுவில் தண்ணீர் போகிற ஓட்டை.

"என்ன எழுதியிருக்கு?"

"முந்தி கொரில்லாக்களை வெறும் ஓட்டு நிலத்திலதான் வச்சிருந்தவையாம். அதுகள் சாப்பிட்டதைச் சத்தி எடுத்து, திரும்ப அதையே சாப்பிடுமாம். இஞ்ச இருந்த தலைமைப் பராமரிப்பாளர் ஒருத்தர்தான் முதல்ல மரக்கொப்பு கட்டிப் பாத்தவராம். அதோட சத்தி குறைஞ்சுதாம். அவற்ற பேர் போட்டிருக்கு."

"வேற?"

"அவரே பிறகு தெரியாமல் நஞ்சுச் செடி ஒண்டைக் குடுத்து ஒரு கொரில்லா செத்துப்போச்சாம். அதுக்குப் பிறகுதான் எந்தச் செடி குடுக்கலாம், எது கூடாது எண்டு பட்டியல் வந்ததாம். பாவம் அந்த மனிசன்."

"வேற ஆற்றையும் பேர் இருக்கோ?"

"இல்லை அப்பா. ஆரைத் தேடுறியள்?"

நான் பலகைக்குக் கிட்டப் போனேன். பெயருக்குக் கீழே இரண்டு வருடங்கள் போட்டிருந்தது. இரண்டாவதைப் பார்த்துத்தான் அந்த மனிதர் இறந்து எட்டு வருடம் ஆகிறது என்று அறிந்தேன். ஏதாவது தோன்றுமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் தோன்றவில்லை. மகள் கோப்பி வாங்கப் போனாள்.

அந்தப் பலகை பிழை. எப்படிப் பிழை என்பதை முறையாகச் சொல்லுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். ஏன் வந்தேன், எப்படி வந்தேன் என்பதை எழுதப் பலர் இருக்கிறார்கள். முதலில் டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். ஒரு பருவம் முடிய ஹோட்டலைப் பூட்டினார்கள். பிறகு இந்த நகரத்துக்கு வந்து, எங்கள் ஆட்கள் மூன்று பேர் இருந்த அறையில் நான்காவது ஆளாகப் படுத்தேன். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. கேஸ் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது; மறுத்தால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். மிருகக்காட்சிச்சாலையில் நிலம் கழுவ ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கையைக் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு ஆஸ்பத்திரியில் வேலை என்று கடிதம் எழுதினேன். முழுப் பொய் என்று சொல்லமுடியாது. குரங்கு வீடு ஆஸ்பத்திரி மாதிரித்தான் இருந்தது. கூரை வரைக்கும் வெள்ளை ஓடு, குளோரின் மணம், வாயில் துணி கட்டித்தான் உள்ளே போகவேண்டும். அதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய காலத்தில் கொரில்லாக்கள் மனிதரின் தடிமனும் இருமலும் தொற்றிச் செத்துப்போயிருந்தன. ஆகவே சுத்தம், சுத்தம், சுத்தம். ஒரு இலை கூட நிலத்தில் கிடக்கக்கூடாது. தினமும் இரண்டு தரம் குழாய்த் தண்ணீர் அடித்துத் தேய்ப்பேன். எனக்கு முன்னும் பின்னும் அந்த நிலத்தை என்னைப்போல் கழுவியவன் இல்லை. இதை யாரிடமும் கேட்டுப் பார்க்கலாம். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீரில் கை விறைத்து, விரல்கள் என்னுடையவை இல்லை என்பது போல் இருக்கும். நல்லதாகப் போயிற்று. உள்ளேயும் அப்படித்தான் இருந்தது. வீட்டில் இருந்து வருகிற கடிதத்தைப் படித்து மடித்து வைத்துவிட்டுச் சோறு போட்டுச் சாப்பிடுவேன்.

அறையில் டாவோஸில் என்னோடு கோப்பை கழுவிய பொடியன் ஒருவன் இருந்தான். என்னை விட ஏழெட்டு வயது இளமை. வாய் ஓயாது.

"அண்ணை, ஒரு சந்தேகம். நீங்கள் அதைப் பாக்கிறியளோ, அது உங்களைப் பாக்குதோ?"

"ரெண்டும்தான்."

"அப்ப டிக்கெட் ஆர் எடுக்கிறது?"

மற்ற இரண்டு பேரும் சிரிப்பார்கள். "நாங்கள் கோப்பை கழுவுறம், அண்ணை குரங்கு கழுவுறார். பதவி உயர்வு எண்டால் இதெல்லோ" என்பான். நான் கால் கழுவிவிட்டுப் படுப்பேன்.

குரங்கு வீட்டுக்குப் பொறுப்பானவரை, பலகையில் பெயர் இருக்கிற அவரைத்தான், எல்லோரும் ஷெஃப் என்போம்; இங்கே மேலதிகாரிக்கு அப்படித்தான் சொல்வது. நானும் அப்படியே எழுதுகிறேன். உயரமானவர், மீசை இல்லாத தாடி, அதிகம் கதைக்காத ஆள். அவர் பேசியது இந்த நாட்டு ஜெர்மன். பாதிதான் எனக்கு விளங்கும். விளங்கியதை என் தமிழில் எழுதுகிறேன்.

நான்கு கொரில்லாக்கள் இருந்தன. மூன்று ஒன்றாக. நான்காவது, ஒரு பெண், தனிக் கூட்டில். ஷெஃப் அதை 'அவள்' என்பார். நான் 'அது' என்பேன். ஆடு மாடு எல்லாம் எனக்கு அதுதான். அது சாப்பிட்டவுடன் குனிந்து, கையிலோ நிலத்திலோ சத்தி எடுத்து, அதை நக்கி விழுங்கும். பிறகும் எடுக்கும். பகல் முழுவதும் அதுதான் வேலை. மற்ற மூன்றும் செய்யும், ஆனால் அதைப்போல் இல்லை. முன்னங்கை மயிரையும் பிடுங்கிப் பிடுங்கி, முழங்கை வரைக்கும் வெறும் தோல். கண்ணாடிக்கு வெளியே நிற்கிற சனம் முகத்தைச் சுளிக்கும், பிள்ளைகள் கத்தும். மிருக வைத்தியர், ஒரு இளம் பெண், வந்து பார்ப்பார். பல் கரைகிறது, தொண்டை புண்ணாகிறது, இன்னொரு குளிர்காலம் தாங்காது என்று ஷெஃப்பிடம் சொன்னதை நான் வாளியோடு நின்று கேட்டேன். ஷெஃப் ஒரு கொப்பியில் அது சத்தி எடுக்கிற ஒவ்வொரு தரமும் ஒரு கோடு போடுவார். கொப்பி நிறையக் கோடு.

சாப்பாட்டில் குறையில்லை. வாழைப்பழம், பாண், பால், தயிர், அவித்த முட்டை. நான் அந்த நாட்களில் சாப்பிட்டதை விட நல்ல சாப்பாடு. ஆனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரம் வெள்ளை ஓட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். எனக்கு அது அன்றைக்கே விளங்கியது. படித்தவர்களுக்கு விளங்கவில்லை. சொல்ல எனக்கு மொழி இல்லை.

ஒரு நாள் முற்றம் கூட்டுகிற விளக்குமாற்றைக் கம்பிக்குப் பக்கத்தில் சாத்திவிட்டுக் குழாயைத் திறக்கப் போனேன். இங்கே வெளியே கூட்ட மரச் சுள்ளிகளைக் கட்டிய விளக்குமாறு வைத்திருப்பார்கள். எங்கள் ஈர்க்கு விளக்குமாற்றுக்குப் பெரியப்பா மாதிரி. திரும்பி வந்தால் விளக்குமாறு கூட்டுக்குள். கொரில்லா அதை மடியில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு சுள்ளியாக இழுத்து எடுக்கிறது, பட்டையை முன்பல்லால் உரிக்கிறது, சப்புகிறது, குச்சியைப் பக்கத்தில் வைக்கிறது, அடுத்ததை எடுக்கிறது. அவசரமில்லை. ஊரில் முருங்கைக்காய் சப்புகிற கிழவர்கள் மாதிரி.

நான் பயந்துபோனேன். ஷெஃப் ஓடிவந்தார்.

"என்ன செய்தாய்?"

"நான் வைச்சன். அது எடுத்தது."

"கிருமி! வெளி விளக்குமாறு! வேலை போனாலும் போகும், தெரியுமா?"

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பறிக்கப் போனால் கையைக் கழற்றிவிடும், ஆகவே அவரும் நிற்கவேண்டியதாயிற்று. பின்னேரம் வரைக்கும் அது அந்த விளக்குமாற்றோடு இருந்தது. ஷெஃப் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டூலில் இருந்தார். வீட்டுக்குப் போகிற நேரம் கொப்பியை என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கத்தில் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கோடு இல்லை.

"ஆடு," என்றேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில். "என்ர வீடு. ஆடு. இலை மேல கட்டு. ஆடு நாள் முழுக்கச் சாப்பிடும்."

கையால் காட்டினேன். எங்கள் பக்கத்தில் ஆட்டுக்குக் குழையை, இலையோடு முறித்த கொப்பை, நிலத்தில் போடமாட்டோம். மிதித்துவிடும், பிறகு மணந்தும் பார்க்காது. பூவரசோ கிளுவையோ கட்டாக முறித்து, கயிற்றில் தலைகீழாக உயரத்தில் கட்டிவிடுவோம். ஆடு எட்டி எட்டி ஒவ்வொரு இலையாக இழுத்துத் தின்னும். அந்தக் கட்டுக்கு ஒரு முடிச்சு இருக்கிறது. இழுக்க இழுக்க இறுகும், வாலைப் பிடித்தால் ஒரே இழுப்பில் கழலும். அதை என் எட்டு வயதில் போடப் பழகினேன்.

மூன்றாம் நாள் தோட்டக்காரர்கள் வெட்டிப்போட்ட ஆற்றோரத்து மரக் கொப்புகள், வைடெ என்பார்கள், ஒரு தள்ளுவண்டியில் நின்றன. "கழுவு" என்றார் ஷெஃப். ஒவ்வொரு இலையாகக் கழுவினேன். "கட்டு" என்றார். கூட்டுக்கு மேல் கம்பியில் என் முடிச்சைப் போட்டுக் கட்டினேன். அவருக்கும் முடிச்சைக் காட்டிக்கொடுத்தேன். அவருடைய பெரிய விரலுக்கு அது ஒருநாளும் வரவில்லை. ஆகவே தினமும் நான்தான் கட்டினேன். அந்தக் குழைக் கட்டை மட்டும் அவர் ஒரு படமும் எடுத்தார். மேலிடத்துக்குத் தெரிந்தால் என்ன என்று மிருக வைத்தியர் கேட்டார். என் பொறுப்பு என்று ஷெஃப் சொன்னார்.

கோடுகள் குறைந்தன. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, கொப்பியில் இருக்கிறது. கோடையில் பால், தயிர் எல்லாவற்றையும் குறைத்து, மரக்கறியும் கொப்பும் கூட்டினார்கள். பிறகு ஷெஃப் நிலத்தில் வைக்கோல் போட்டார். அதற்குள் சூரியகாந்தி விதையைத் தூவிவிட்டால் மணிக்கணக்காகக் கிளறிக்கொண்டிருக்கும். அது அவருடைய யோசனை. அதை நான் பறிக்கவில்லை. வைக்கோல் வந்ததும் எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது, நான் அப்படித் தேய்த்த ஓடு. ஆனால் புரட்டாதி அளவில் அதன் முன்னங்கையில் கறுப்பாக மயிர் முளைத்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே சனம் முகம் சுளிக்காமல் நின்றது.

அறையில் சொன்னேன்.

"அப்ப அண்ணை டொக்டர்," என்றான் பொடியன். "எனக்கும் ரெண்டு மாதமாச் சாப்பாடு செமிக்குதில்லை. ஒரு கட்டு கொண்டு வாங்கோவன்."

தை பிறந்தது. பொங்கலுக்கு மின்சார அடுப்பில் பானை வைத்தோம். பொங்கி வழியவேண்டும் என்று ஒருவன் பிடிவாதம்; வழிந்து அடுப்பில் கருகி வீடு முழுவதும் புகை. கீழ்வீட்டுக் கிழவி வந்து கதவைத் தட்டினாள். அவளுக்கும் பொங்கிய புக்கையில் ஒரு கோப்பை கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, மணந்து பார்த்துவிட்டுப் போனாள். சாப்பிட்டாளோ தெரியாது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பொடியன் கேட்டான்.

"நாளைக்குப் பட்டிப் பொங்கல். அண்ணையின்ர பட்டிக்கு என்ன படையல்?"

"விசர்க்கதை கதையாதை."

"இல்லை அண்ணை, மெய்யாத்தான். ஊரில மாட்டுக்குக் குளிக்க வாத்து, மாலை போட்டு, புக்கை குடுப்பினம். உங்கட சீவன் நாலும் பட்டினியோ?"

அவன் பகிடிக்குச் சொன்னான். நான் அதைக் கொண்டுபோய் வேலைக்குள் வைத்தேன்.

புக்கை கொடுக்கமுடியாது, வெளிச் சாப்பாடு தடை. அது எனக்குத் தெரியும். பச்சைக் குழை கொடுக்கலாம். ஆனால் அந்தக் கிழமை முழுவதும் பனி. தோட்டக்காரர்களின் வண்டி வரவில்லை. இருந்த வைடெக் கொப்பு மொட்டைக் குச்சி, காய்ந்துபோனது. பட்டிப் பொங்கலன்று மொட்டைக் குச்சியைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை. வாகனம் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் ஒரு வேலி நின்றது. அத்தனை பனியிலும் ஒரு இலை கொட்டாமல், கடும் பச்சை, தட்டையான சின்ன இலை. எங்கள் ஊரில் வேலிக்கு நட்டது அநேகமாக ஆட்டுக்கும் ஆகும். வேலி வெட்டினால் அன்றைக்கு ஆட்டுக்குக் கொண்டாட்டம். ஆடு தொடாதது ஆடாதோடை மாதிரி ஒன்றிரண்டுதான், அது கசப்பால். ஆகவே ஒரு இலையை நாக்கில் வைத்துக் கடித்துப் பார்த்துத் துப்பினேன். அப்படியொரு கசப்பு இல்லை. ஆடு மேய்த்தவன் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பான். ஒரு பாரம் முறித்தேன். கழுவினேன். அது ஒரு கூட்டுக்குத்தான் காணும். தனியாக இருந்ததற்குக் கட்டினேன். அன்றைக்குத் திருநாள் என்றபடியால் சாக்குக் கயிற்றில் தோரணம் மாதிரி நீளமாகக் கட்டினேன்.

யாரையும் கேட்கவில்லை. ஷெஃப் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அதுவரைக்கும் என் குழைக்கு யாரையும் கேட்கவேண்டி வரவில்லை.

அது எழும்பி நின்று இழுத்தது. ருசியாகத்தான் சாப்பிட்டது. நான் சமையலறைக்குப் போய்க் கரட் வெட்டினேன். திரும்பி வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அது சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தது. நித்திரை என்று நினைத்து நடைபாதையைக் கூட்டினேன். கூட்டி முடித்துப் பார்க்கும்போது மூச்சு வேறு மாதிரி இருந்தது. ஷெஃப் அப்போதுதான் வந்தார். கூப்பிட்டார். அது கையை மட்டும் கொஞ்சம் அசைத்தது. மிருக வைத்தியர் வந்து உள்ளே போகும்போது அந்தக் கையும் அசையவில்லை.

மிருக வைத்தியர் வைக்கோலுக்குள் இருந்து மிச்சக் கொப்பு ஒன்றை எடுத்தார்.

"ஐபெ," என்றார், அந்த வேலி மரத்தின் பெயர். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "குதிரையே தாங்காது. இதை யார் கொடுத்தது?"

ஷெஃப் மேலே பார்த்தார். கம்பியில் சாக்குக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது, என் முடிச்சோடு. அந்த முடிச்சை அந்தக் கட்டடத்தில் ஒரே ஒருவன்தான் போடுவான் என்று அவருக்குத் தெரியும். சட்டைப்பையில் இருந்து கத்தியை எடுத்து, கயிற்றை அறுத்து, முடிச்சோடு பைக்குள் வைத்தார்.

"நான்," என்றார்.

மிருக வைத்தியர் அந்தக் கொப்போடு வெளியே போனார். நடைபாதையில் நானும் ஷெஃப்பும் மட்டும் நின்றோம்.

"உன்ர கேஸ் முடிஞ்சுதா?"

"இல்லை. காத்திருக்கிறன்."

"அப்ப நீ ஒண்டும் செய்யேல்லை. நீ நிலம் கழுவுறவன். நிலத்தைக் கழுவு."

கொப்பியை எடுத்து அன்றைய பக்கத்தில் எழுதினார். நான் கொரில்லாவைத் தூக்கிப் போகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டேன். ஆறு பேர் தூக்கினார்கள். பிறகு வைக்கோலை அள்ளி, குழாயைத் திறந்து, நிலத்தைக் கழுவினேன். ஓடு பழையபடி வெள்ளையாக வந்தது. தண்ணீர் கையில் பட்டது தெரியவில்லை. அறைக்குப் போய்ச் சோறு சாப்பிட்டேன். பொடியன் கேட்டான், "என்ன அண்ணை, படையல் எப்பிடி?" நல்லாய்ப் போச்சுது என்றேன்.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எனக்காகவோ, தன் அனுமதியோடு தொடங்கியது என்றபடியாலோ. கேட்கவில்லை. அந்த மாதக் கடைசியில் அவரைக் கொரில்லாக்களில் இருந்து எடுத்துப் பறவைப் பகுதிக்கு விட்டார்கள். ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேதான் இருந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

கொப்பு கட்டுவதை நிறுத்தப்போகிறார்கள் என்று கதை வந்தது. மிருக வைத்தியர் விடவில்லை. பிழை கொப்பில் இல்லை, தெரியாமையில் என்று சொல்லி, பட்டியல் ஒன்று போட்டார். என்னைக் கூப்பிட்டார். "எழுதி வைத்தால் உனக்கு வாசிக்க முடியுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் வாசிக்கத் தெரியாதவனுக்கும் விளங்குகிற மாதிரிச் செய்வோம்" என்றார். ஒவ்வொரு மரத்திலும் ஒரு கிளை கொண்டுவந்து, காயவைத்து, பெரிய அட்டையில் பசை போட்டு ஒட்டினோம். ஒட்டியது நான். இடப்பக்கம் கொடுக்கலாம், வலப்பக்கம் ஒருநாளும் கூடாது. வலப்பக்கத்தில் முதலாவது இலையை என் கையாலேயே ஒட்டினேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த அட்டையைப் பார்த்து வேறு மிருகக்காட்சிச்சாலைகளில் இருந்து வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மற்ற மூன்றுக்கும் நான் இன்னும் ஒன்றரை வருடம் கட்டினேன். நான் விலகுவதற்கு முன் ஒன்று குட்டி போட்டது. வைக்கோலில், மற்ற இரண்டுக்கும் முன்னால். தாயிடம் இருந்து குட்டியைப் பிரிக்கவில்லை. முன்பு பிரிப்பார்கள்.

என் கேஸ் முடிந்து பெர்மிட் வந்தது. சொந்தமாக வாளி வாங்கினேன். மிச்சக் கதை மேலே முதலில் சொன்னதுதான்.

ஷெஃப்பை ஒரே ஒரு தரம் டிராம் தரிப்பில் கண்டேன்.

"பெர்மிட் வந்துதா?"

"ஓம், ஷெஃப்."

"நல்லது," என்றார். அவருடைய டிராம் வந்தது. அன்றைக்கே நான் போய்ச் சொல்லியிருக்கலாம். பெர்மிட் கையில் இருந்தது. பிறகு இந்த நாட்டுச் சிவப்பு பாஸ்போர்ட்டும் வந்தது. நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும் என்று நினைத்தேன், பிறகு அப்படி நினைக்கிறதையும் விட்டுவிட்டேன். மனைவிக்கும் சொல்லவில்லை. அவளும் இதை அச்சில்தான் வாசிக்கப்போகிறாள்.

பலகையைப் பார்த்த அன்றைக்கு மகள் கோப்பியோடு வந்தபோது அவளிடம் சொன்னேன். முதலில் கொப்புக் கதை. அவளுக்கு நல்ல சந்தோஷம். "அப்ப இது நீங்களோ! இப்பவே கந்தோரில போய்ச் சொல்லுவம்" என்றாள். பிறகு மற்றதையும் சொன்னேன்.

"அப்பா, கொப்பை மட்டும் கேளுங்கோவன். மற்றது ஆருக்கும் தெரியாது. அந்த மனிசன் விரும்பித்தானே தன்ர பேரை எழுதினவர்."

"ரெண்டும் ஒரே முடிச்சு, பிள்ளை."

கந்தோருக்கு, மிருகக்காட்சிச்சாலை அலுவலகத்துக்கு, போனோம். அங்கே இருந்த பெண் நல்ல மரியாதையாகக் கதைத்தாள். எல்லாம் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதியது, கையெழுத்து அவருடையது, உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டாள். எழுத்தில் என்னிடம் என்ன இருக்கப்போகிறது? பலகைக்குக் கூட்டிவந்து, அவர்கள் போட்டிருந்த படத்தைக் காட்டினேன். கொப்பு கட்டித் தொங்குகிற படம், ஷெஃப் எடுத்தது. முடிச்சு தெளிவாகத் தெரிகிறது. என் கோட்டின் இடுப்புக் கயிற்றைக் கழற்றி, அவள் முன்னாலேயே அந்த முடிச்சைப் போட்டேன். வாலைப் பிடித்து ஒரே இழுப்பில் கழற்றினேன். இன்னொரு தரம் போட்டேன். விரல்கள் இப்போது மூட்டுவாதம், ஆனால் அது மறக்கவில்லை. அவள் தன் தொலைபேசியில் படம் எடுத்தாள். மேலிடத்துக்குத் தெரிவிப்பதாகச் சொன்னாள். பனிக்காலம் போய்விட்டது, பதில் இல்லை.

ஆகவே இங்கே அச்சில் கேட்கிறேன். அந்தப் பலகையைக் கழற்றித் திருத்தி எழுதவேண்டும். வைக்கோல் ஷெஃப்பினுடையது, அப்படியே இருக்கட்டும். முதல் முதல் கொப்பு கட்டியது நிலம் கழுவ வந்த ஒரு தமிழன், யாழ்ப்பாணத்து ஆட்டு முடிச்சால் கட்டினான் என்று எழுதவேண்டும். பட்டிப் பொங்கலன்று ஐபெயைக் கட்டியதும் அவன்தான், ஷெஃப் அல்ல என்று அதற்குக் கீழே அதே அளவு எழுத்தில் எழுதவேண்டும். சின்ன எழுத்தில் போட்டால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். இரண்டுக்கும் என் பெயர். என் பெயர் இங்கத்தையவர்களுக்கு நீளம். பாதியில் வெட்டாமல் முழுதாகப் போடவேண்டும். மகள் எழுத்துக்கூட்டி எழுதிக் கொடுப்பாள்.